எடுத்த இடத்திலேயே

எங்கள் நாட்டில் ஜனவரிதான் நடுக்கோடை. அந்த மாதத்தில் எங்கள் நூலகத்தின் புத்தகப் பெட்டியைத் திறக்கக் கைப்பிடித் துணி வேண்டும். நூலகம் பூட்டியிருக்கும்போது ஜனங்கள் வெளிச்சுவரின் இரும்பு வாய் வழியாகப் போட்டுவிட்டுப் போகிற புத்தகங்கள், காலை ஒன்பது மணிக்கே கை வைக்க முடியாத சூட்டில் கிடக்கும். புத்தகம் மட்டும் விழுந்தால் பரவாயில்லை. பீர் டப்பா விழும், ஒற்றைச் செருப்பு விழும், ஒருமுறை உயிரோடு ஒரு நீலநாக்கு அரணை. அதை எடுத்து வெளியே விட்டேன். மறுநாளும் அது பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டிக்குள் நிழலாவது உண்டு; வெளியே இருந்த வெயிலுக்கு நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

என் பெயர் கோரலி. யார்லூ ஊர் நூலகத்தில் இருபத்தாறு வருடமாகக் குழந்தைகள் நூலகர். 'இளம் வாசகர் பிரிவு' என்று கவுன்சில் தாள்களில் எழுதுவார்கள். எங்களுக்கு அது பின்னறை. மூன்று ஜன்னல், ஒரு பச்சைக் கம்பளம், எட்டு மேஜை, ஐயாயிரத்துச் சொச்சம் புத்தகம், ஒரு நல்ல குளிர்சாதன இயந்திரம். முன்னறையில் டெனிஸ் உட்கார்ந்திருப்பாள். பெரியவர்களுக்குப் புத்தகம் கொடுப்பது, நாய்க்கு உரிமம் எழுதுவது, சுற்றுலாக்காரர்களுக்குக் கழிப்பறை காட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு.

பத்து மணிக்குத்தான் திறக்க வேண்டும் என்பது விதி. ஒன்பதே காலுக்கெல்லாம் பிள்ளைகள் வந்துவிடும். மேற்குச் சுவரை ஒட்டி விழும் நிழலில் முதுகை ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். வெயில் ஏற ஏற நிழல் குறுகும், அவர்களும் குறுகுவார்கள். அப்பா அம்மா வேலைக்குப் போயிருப்பார்கள், போகாதவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நீச்சல் குளம் விரிசல் விட்டு இரண்டு கோடையாக வறண்டு கிடக்கிறது. ஊரில் குளிர்ச்சியான இடம் மூன்றுதான்: மதுக்கூடம், மளிகைக் கடை, நாங்கள். மதுக்கூடத்தில் பிள்ளைகளை விடமாட்டார்கள். கடையில் கால் மணி நேரம் சும்மா நின்றால் எதைத் திருட வந்தாய் என்பார்கள். அதனால் நான் ஒன்பதரைக்கே பக்கக் கதவைத் திறந்துவிடுவேன்.

"மிஸ், ஒன்பது முப்பத்தொண்ணு ஆச்சு," என்பாள் தலீயா, கதவு திறந்ததும்.

"உன்கிட்ட கடியாரமே இல்லையே."

"நிழல் தண்ணிக் குழாய்க்கு வந்தா ஒன்பதர. இப்ப குழாயத் தாண்டிருச்சு. நீங்க லேட்டு."

தலீயாவுக்கு ஒன்பது வயது. ஊர்க்கோடியில் சக்கர வீடுகள் நிற்கிற கேரவன் பார்க்கில் இருக்கிறாள். அம்மா நெடுஞ்சாலை உணவகத்தில் சமையல் வேலை. விடிவதற்கு முன் போனால் லாரிக்காரர்கள் தின்று ஓய்ந்த பிறகுதான் வருவாள். இரண்டு தம்பிகளையும் இவள்தான் இழுத்துக்கொண்டு வருவாள். வந்தவுடன் அவர்களைக் குழாயடியில் நிறுத்தித் தலையை நனைத்து, என் அலமாரியிலிருந்து ரொட்டியை எடுத்து வெஜிமைட் என்கிற கறுப்பு உப்புப் பசையைத் தடவிக் கொடுப்பாள். நூலகத்துக்குள் தின்பண்டம் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. எழுதி ஒட்டியவளே நான்தான். பசியோடு இருக்கும் பிள்ளைக்குக் கதை படிக்கும் உத்தி எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

பதினொரு மணிக்குக் கதை. பன்னிரண்டு மணிக்குப் பசை, கத்தரிக்கோல், கம்பளத்தில் கொட்டிய ஜிகினாத் தூள். ஒரு மணிக்குச் சண்டை. இரண்டு மணிக்கு யாருக்காவது மூக்கில் ரத்தம் வரும், காய்ந்த காற்றுக்கு. அதன் பிறகு மூன்று மணியிலிருந்து ஐந்து வரை ஒரு அமைதி வரும். முப்பது முப்பத்தைந்து பிள்ளைகள் மேஜைக்கடியிலும் ஜன்னல் மேடையிலும் கம்பளத்திலும் கிடந்து படிப்பார்கள். பக்கம் திரும்பும் சத்தம் தவிர வேறு சத்தமே இருக்காது. இருபத்தாறு வருடம் நான் வேலையில் நீடித்தது அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான். சம்பளத்துக்காக யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

படிப்பார்களே தவிர வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். அதற்கு அட்டை வேண்டும். அட்டைக்குப் பெற்றோர் கையெழுத்தும், முகவரியைக் காட்ட ஒரு தாளும் வேண்டும். கேரவன் பார்க்கில் சித்தி வீட்டில் ஒண்டியிருக்கிற குடும்பம் எந்தத் தாளைக் காட்டும்? நகரத்திலிருந்து வருடா வருடம் கோடை வாசிப்புப் போட்டி என்று சுவரொட்டிகள் வரும். அதில் சேரப் பெற்றோரின் மின்னஞ்சல் கேட்கும். அந்தச் சுவரொட்டிகளின் பின்பக்கம் படம் வரைய மிகவும் வசதி.

இனி என் புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும்.

எந்த நூலகத்துக்குப் போனாலும் ஒரு அறிவிப்பைப் பார்க்கலாம்: 'படித்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் வைக்காதீர்கள், தள்ளுவண்டியில் விடுங்கள்.' தப்பான இடத்தில் வைத்துவிடுவீர்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. வண்டியில் கிடக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் நாங்கள் ஸ்கேனரால் ஒரு பீப் அடித்துவிட்டுத்தான் உள்ளே வைப்போம். யாரோ எடுத்துப் படித்தார்கள் என்பதற்கு அந்த பீப்தான் சாட்சி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஐந்து வருடம் முன்னால் கவுன்சில் என் உதவியாளை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. மாலையில் இருநூறு புத்தகத்தை ஒற்றையாளாக அடுக்கி என் இடுப்பு விட்டுப்போனது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்தேன். முதுகில் சிவப்புப் பட்டை என்றால் கதை, மஞ்சள் என்றால் விலங்கு, நீலம் என்றால் விண்வெளி. பட்டைக்குக் கீழே எழுதியவரின் பெயரில் முதல் மூன்று எழுத்து. எடுத்த இடத்திலேயே வை. ஒரு கோடைக்குள் பழகிவிட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறியவர்கள் எழுத்து வரிசையில் புலியாகிவிட்டார்கள். தலீயா கண்ணை மூடிக்கொண்டே இடம் கண்டுபிடிப்பாள், டெனிஸைவிட வேகம். ஐந்து மணிக்கு நாற்காலிகள் மேஜைக்கடியில், புத்தகங்கள் அலமாரியில், முதுகுகள் ஒரே கோட்டில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த அறிவிப்பைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

டிசம்பரில் ரஸ்ஸல் வந்தான். பல ஊர் கவுன்சில்களை ஒன்றாக்கிய பிறகு தலைமையகம் நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அங்கே எங்களுக்கெல்லாம் அவன்தான் மேலாளர். மோசமான ஆள் இல்லை. அதுதான் எரிச்சல். மோசமானவனாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

"பின்னறைய எடுத்துட்டு அங்க கவுன்சில் சேவைக் கவுன்ட்டர் போடலாம்னு ஒரு பேச்சு இருக்கு, கோரலி," என்றான். "ஜனவரி கடைசியில கூட்டம். இருபதாம் தேதி வரைக்கும் வர்ற கணக்க வெச்சு முடிவெடுப்பாங்க."

"ஜனவரிக் கணக்கா? ஜனவரில இங்க கால் வைக்க எடமிருக்காது. நீயே வந்து பாரு."

"தலைய எண்ண மாட்டாங்க. குளிருக்கு வர்ற கூட்டத்த எண்ணிக் குடுத்தா, நீங்க நூலகம் நடத்தறீங்களா ஃபிரிட்ஜ் நடத்தறீங்களான்னு கேப்பாங்க. எத்தன புத்தகம் பிள்ளைங்க கையில போச்சு, அதான் வேணும். வீட்டுக்குப் போனாலும் சரி, இங்கயே படிச்சாலும் சரி."

"அப்ப நான் ஜெயிச்சாச்சு," என்றேன். சிரிக்கக்கூடச் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த ஜனவரி போல ஒரு ஜனவரியை நான் பார்த்ததில்லை. தொடர்ந்து ஒன்பது நாள் வெயில் நாற்பத்துநான்கு டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. காக்கைகள் வாயைப் பிளந்துகொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தன. பின்னறையில் ஒருநாள் நாற்பத்தொன்பது பிள்ளைகள். விலங்குப் புத்தகங்களை ஆண்பிள்ளைகள் தின்றே தீர்த்தார்கள். தலீயா சிவப்புப் பட்டையில் முதல் எழுத்திலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே வந்தாள். பிடிக்காத புத்தகத்தையும் விடமாட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "விட்டா அதுக்கு ஒரு மாதிரி இருக்காதா?" என்றாள். ரஸ்ஸல் கணக்கு கேட்பான், அவன் மேஜையில் மலைபோலக் கொட்டலாம் என்று நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை, டெனிஸ் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். அவள் இருக்கையை விட்டு எழுந்து வருவதே அபூர்வம்.

"ஏய், உன் கணக்கு வந்திருக்கு. வீட்டுக்குப் போனது அறுபத்தொண்ணு."

"அது எப்பவும் அப்படித்தான். இங்க படிச்சது?"

"நாலு."

"நானூறா?"

"நாலுடி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

தாளை வாங்கிப் பார்த்தேன். நான்குதான். எந்த நான்கு என்றும் எனக்குத் தெரிந்தது. ஒரு சுற்றுலாக் குடும்பம் வந்து கம்பளத்தில் போட்டுவிட்டுப் போன நான்கு புத்தகம். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து, படித்து, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரைக் கேட்டால் அந்த அறைக்குள் பதினாறு நாளாக ஈ கூடப் பறக்கவில்லை என்று சொல்லும். ஐந்து வருடமாகவே அப்படித்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் ஒருமுறைகூட அந்தத் தாளைக் கேட்டுப் பார்க்கவில்லை. அறை நிறைந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறவள் தாளை ஏன் பார்க்கப்போகிறாள்?

"அந்த நோட்டீஸக் கிழிக்காதன்னு அன்னிக்கே சொன்னேன்," என்றாள் டெனிஸ்.

"நீ சொல்லவே இல்ல."

"மனசுக்குள்ள சொன்னேன்."

குழந்தைகள் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். முழங்கால் மார்புக்கு வந்தது. டெனிஸ் சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானமே பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தேன். இனிமேல் யாரும் புத்தகத்தைத் திருப்பி வைக்க வேண்டாம், மேஜையிலேயே விட்டுவிடுங்கள் என்றேன். நீங்கள் வீட்டில் உங்கள் பிள்ளைகளிடம் இனிமேல் பல் துலக்க வேண்டாம் என்று சொல்லிப்பாருங்கள். அப்படித்தான் என்னைப் பார்த்தார்கள்.

"நாங்க தப்பா வெச்சிட்டோமா மிஸ்?" என்றாள் தலீயா.

"இல்ல இல்ல. ரொம்பச் சரியாத்தான் வெச்சீங்க."

"பின்ன ஏன்?"

"நான் எண்ணணும். அதுக்காக."

"நாங்களே எண்ணிச் சொல்றோமே. நான் இன்னிக்கு மூணு. இவன் ரெண்டு. ஆனா ஒண்ணு பாதிதான்."

"நீங்க சொன்னா ஏத்துக்க மாட்டாங்க."

"ஏன், நாங்க பொய் சொல்லுவோமா?"

ஜூஸ் ஐஸ் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். சொன்னபடி மேஜையில் விட்டவர்கள் சிலர், குற்றம் செய்தவர்கள்போல என்னைப் பார்த்துக்கொண்டே விட்டார்கள். ஆனால் நான் சின்னதுகளின் மூக்கைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தலீயா மேஜைப் புத்தகங்களையெல்லாம் அலமாரிக்குத் திருப்பிவிட்டிருந்தாள். பாவம், அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலை வண்டியில் ஒன்பது புத்தகம். சனிக்கிழமை அரை நாள், பதினான்கு.

இருபதாம் தேதிக்கு இரண்டு வேலை நாள்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பூட்டிய நூலகத்தில் குளிர்சாதனம் ஓடாது. பின்னறை சூளையாக இருந்தது. ஸ்கேனரை எடுத்துக்கொண்டு முதல் அலமாரியிலிருந்து தொடங்கினேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் கண்டமேனிக்கு அடிக்கவில்லை. அந்த மாதம் எந்தப் புத்தகத்தை எந்தப் பிள்ளை படித்தது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் அடித்தேன். சுறாப் புத்தகம், கடைசி மேஜை இரட்டையர். பீப். எரிமலை, தலீயாவின் பெரிய தம்பி, படம் மட்டும் பார்த்தான், பரவாயில்லை. பீப். இது தலீயா. இதுவும் தலீயா. இதைப் படித்துவிட்டு அழுதாள், இல்லை தூசி என்றாள். பீப். ஒரே புத்தகத்தை மூன்று பேர் படித்திருந்தாலும் ஒரு முறைதான் அடித்தேன். நேர்மையாக இருக்கிறேனாம். வியர்வை கண்ணில் இறங்கியது. முடிக்கும்போது நானூற்றுப் பன்னிரண்டு. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை ரஸ்ஸல் போன் செய்தான். குரலை வைத்தே புரிந்துகொண்டேன்.

"கோரலி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. பதினெட்டாம் தேதி என்ன கிழம?"

நான் சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழம," என்றான் அவனே. "பூட்டின கட்டடத்துல ஒன்றர மணி நேரத்துல நானூத்திப் பன்னெண்டு புத்தகம் படிச்சிருக்காங்க. யாரு, பேயா?"

ஒவ்வொரு பீப்புக்கும் தேதியும் நேரமும் பதிவாகும். இருபத்தாறு வருட நூலகருக்கு அது தெரியாதா? தெரியும். அந்தச் சூட்டில் பிள்ளைகளின் முகம்தான் ஞாபகம் வந்தது, கடியாரம் ஞாபகம் வரவில்லை.

"எல்லாம் படிச்சதுதான் ரஸ்ஸல். ஒண்ணொண்ணும் நான் பாத்தது. பேர் சொல்லவா? நானூத்திப் பன்னெண்டுக்கும் பேர் சொல்றேன்."

"நான் நம்பறேன்."

"அப்ப?"

"நான் நம்பி என்ன பண்ண? அந்த வரியப் பாத்தா மொத்தக் கணக்கும் பொய்னுதான் சொல்லுவாங்க. உனக்கு வேலை போயிடும். நான் அந்தப் பகுதியவே தாள்லருந்தும் கம்ப்யூட்டர்லருந்தும் எடுத்துடறேன். வீட்டுக்குப் போனது மட்டும் இருக்கட்டும்."

"அறுபத்தஞ்சோ என்னவோ."

"அறுபத்தெட்டு," என்றான். "நீ ஏன் அந்தப் பிள்ளைங்களத் திருப்பி வைக்க விட்ட?"

போனை வைத்துவிட்டேன். கோபம் அவன்மேல் இல்லை. அவன் கேட்டதைத்தான் நானும் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நோட்டீஸைக் கிழித்தது நான், பூட்டைத் திறந்தது நான். வேறு யாரையாவது சபிக்கலாம் என்றால் ஆளே கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கூட்டம். ஏழு நிமிடத்தில் முடிந்ததாம். பின்னறை சேவைக் கவுன்ட்டர் ஆகிறது. திங்கட்கிழமை தச்சர்கள் வருகிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு முன்னறையில் ஒரு அலமாரி. நான் டெனிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாய்க்கு உரிமம் எழுத வேண்டும். அலமாரியில் கொள்ளாததைக் கழித்துவிட, மூன்று வருடமாக யாரும் தொடாத புத்தகங்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரே அனுப்பும். அனுப்பியது, முப்பத்தெட்டுப் பக்கம். ஒன்று விடாமல் நைந்துபோன புத்தகங்கள். முதுகு உரிந்து, ஓரம் மடங்கி, வெஜிமைட் விரல் பதிந்தவை. யாரும் தொடாதவையாம்.

பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. புதன் சொல்லலாம் என்று இருந்தேன், வியாழன் சொல்லலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை விடுமுறையின் கடைசி நாள். காலையிலிருந்தே பெட்டிகளை வைத்துக்கொண்டு புத்தகங்களை எடுத்து, முதல் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். சுத்தம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்குப் படித்தார்கள். மூன்று மணி அமைதியில் முத்திரைச் சத்தம் மட்டும் கேட்டது.

நாலரை மணிக்கு இரட்டையரின் அம்மா வெளியே ஹாரன் அடித்து அவர்களைக் கூட்டிப்போனாள். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியில் தலீயாவும் தம்பிகளும் மட்டும். அவள் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே இருந்த புத்தகத்தைத் திறந்து முத்திரையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இதெல்லாம் என்ன தப்பு பண்ணிச்சு மிஸ்?"

"யாருமே படிக்கலன்னு கம்ப்யூட்டர் சொல்லுது."

"நான் படிச்சேனே."

"தெரியும்."

"அப்ப கம்ப்யூட்டர் தப்பா எண்ணிருச்சு. திரும்ப எண்ணச் சொல்லுங்க."

"சொல்லிப் பாத்தேன்டா கண்ணு. கேக்கல." முத்திரையைக் கீழே வைத்தேன். "உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ. எத்தன வேணும்னாலும். இனிமே இது யாருக்கும் சொந்தமில்ல."

அவள் யோசித்தாள். "வேணாம். எங்க கேரவன்ல வைக்க எடமில்ல, இவனுங்க கிழிச்சிருவானுங்க. இங்கயே இருக்கட்டும். திங்கக்கிழம ஸ்கூல் விட்டதும் வந்து படிச்சுக்கறேன். நான் இப்பத்தான் பாதி சிவப்பு வந்திருக்கேன்."

இனி சொல்லாமல் இருக்க முடியாது.

"திங்கக்கிழம இந்த ரூம் இருக்காது தலீயா. மூடறாங்க."

"எத்தன நாளைக்கு?"

"மொத்தமா."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அறையைப் பார்த்தாள். எங்கே அழுக்கு இருக்கிறது என்று தேடுவதுபோல இருந்தது. "நாங்க சத்தம் போட்டதாலயா?"

"இல்ல."

"ரொட்டித் தூள் சிந்தினதாலயா? நான் பெருக்கினேனே."

"இல்லம்மா. உங்களால இல்ல."

"நான் எல்லாத்தையும் எடுத்த எடத்துலதான வெச்சேன்?"

இருபத்தாறு வருடத்தில் பிள்ளைகள் என்னிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எரிமலைக்கு அடியில் என்ன இருக்கும், செத்த நாய் எங்கே போகும், என் அப்பா எப்போது வருவார். தெரியாவிட்டாலும் எதையாவது தேடிக் கொடுத்துவிடுவேன். இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அதைச் சொன்னால் இந்தப் பெண் வாழ்நாளுக்கும் எந்தப் பொருளையும் கை நடுங்காமல் கீழே வைக்க மாட்டாள்.

"ஆமா," என்றேன். "ஒண்ணுகூட மாறல. உன்ன மாதிரி யாரும் வெச்சதில்ல."

அவள் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி வந்தது. முத்திரையை எடுப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது அவள் பெட்டியிலிருந்த புத்தகங்களையெல்லாம் கம்பளத்தில் எடுத்து வைத்திருந்தாள். தம்பிகளிடம் ஆளுக்கொரு நிறத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பட்டைக்குக் கீழே இருக்கும் மூன்று எழுத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கலந்து போட்டிருக்கீங்க மிஸ்," என்றாள். "எந்த ஊருக்குப் போகுதோ, அங்க இருக்கற பிள்ளைங்க தேடுமில்ல?"

பெட்டிகள் செவ்வாய்க்கிழமை காகிதக் கூழ் ஆலைக்குப் போகின்றன. நான் கீழே உட்கார்ந்து அடுத்த பெட்டியைக் கவிழ்த்து, அவளுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.